மேரி கியூரியின் மாணவிகள்

மேரி கியூரி என்றதும் இரேடியமும் இரண்டு நோபல் பரிசுகளும் நினைவுக்கு வரும். அவர் வளர்த்தெடுத்த மாணவிகளைப் பற்றி நாம் பாடசாலையில் படித்தது குறைவு.

1867இல் போலந்தின் வார்சோ நகரில் பிறந்தார். ரஷ்ய ஆட்சியிலிருந்த அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. வீடுகளில் இரகசியமாக நடந்த வகுப்புகளில் கற்றார். அக்கா பாரிஸில் மருத்துவம் படிப்பதற்காக, பிறர் வீடுகளில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து உழைத்தார். உறவினர் ஒருவர் பொறுப்பிலிருந்த ஆய்வுகூடத்தில்தான் தன் கையால் பரிசோதனைகள் செய்யும் வாய்ப்புக் கிடைத்தது.

1891இல் பாரிஸ் சென்றவர், 1893இல் பௌதிகவியல் பட்டத் தேர்வில் முதலாவதாகத் தேறினார். மேலும் படிக்கக் கைகொடுத்தது 600 ரூபிள் புலமைப்பரிசில். உழைக்கத் தொடங்கியதும் அத்தொகையைத் திருப்பிக் கொடுத்தார். இன்னொரு வறிய மாணவருக்கு அது உதவ வேண்டும் என்பதே அவரது எண்ணம்.

1900இல் செவர் நகரிலிருந்த பெண்களுக்கான ஆசிரிய உயர்கல்லூரியில் கற்பிக்கத் தொடங்கினார். கரும்பலகையோடு நின்ற பௌதிகவியலைப் பரிசோதனை மேசைக்குக் கொண்டுவந்தார். அங்கு அவரிடம் கற்ற இயூஜெனி கொட்டன் 1936இல் அக்கல்லூரியின் தலைவியானார். முதலாம் உலகப் போரில் காயமுற்றோருக்கு எக்ஸ்கதிர்ப் படம் எடுக்க ஏறத்தாழ 150 பெண்களைப் பயிற்றுவித்தார்.

மருத்துவம் படிக்க விரும்பியும் குடும்பத்தில் வசதியில்லாத மார்கரெட் பெரே, 1929இல் தொழினுட்பச் சான்றிதழுடன் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1934இல் கியூரி அம்மையார் காலமானார். ஐந்து ஆண்டுகளின் பின் பெரே பிரான்சியம் என்னும் மூலகத்தைக் கண்டுபிடித்தார். 1911இல் கியூரியை ஏற்க மறுத்த பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம், 1962இல் பெரேயைத் தெரிவுசெய்தது. அக்கழகத்துக்குத் தெரிவான முதற்பெண் அவரே.

போர்க்காலத்தில் குப்பிவிளக்கில் படித்து உயர்தரம் எழுதியவர்கள் நாங்கள். ஆய்வு என்பது எமக்கு எட்டாத ஒன்று என்றே நம்பியிருந்தேன். மருத்துவபீடத்தில் விரிவுரையாளர் ஒருவர் தமது ஆய்வில் என்னையும் சேர்த்துக்கொண்ட நாளில்தான் அந்த எண்ணம் மாறியது.

இன்று எமது பழைய மாணவிகள் பல நாடுகளில் ஆய்வுகூடங்களிலும் வைத்தியசாலைகளிலும் பணியாற்றுகின்றனர். எமது பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற பிள்ளை ஒருத்தியை, ஒரு விடுமுறைக் காலத்துக்காவது உங்கள் ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் பெற்றதைத் திருப்பிக் கொடுக்க இந்த நூற்றாண்டு ஒரு நல்ல தருணம்.