சிப்பிக் கடைக்காரர் மகன்

எங்கள் ஊர் அழகர்கோவில். வீட்டுப் பரணில் பழைய தகர டின் ஒன்று கிடக்கிறது. அதன் மேல் மங்கிப் போன சிப்பிப் படம். அது பர்மா-ஷெல் மண்ணெண்ணெய் டின் என்பார் பாட்டி. அழகர் கையில் சங்கைக் கண்டு வளர்ந்தவன் நான். கடல் உயிரின் கூட்டுக்கும் எண்ணெய்க்கும் என்ன உறவு என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. தேடிப் படித்தபோது கிடைத்தது மார்க்கஸ் சாமுவேலின் வரலாறு.

அவர் 1853-இல் இலண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையின் பெயரும் மார்க்கஸ் சாமுவேல்தான். கீழ்நாடுகளிலிருந்து கப்பலில் வரும் சிப்பிகளை விற்பதும், சிப்பி பதித்த சிறு பெட்டிகள் செய்து விற்பதும் தந்தையின் தொழில்.

மகன் மண்ணெண்ணெய் வணிகத்தில் இறங்கினார். தீப்பற்றும் என்ற அச்சத்தால் சூயஸ் கால்வாய் வழியே எண்ணெய்க் கப்பல்களை விடாத காலம் அது. கால்வாய்க்காரர்கள் ஏற்கும் வகையில் பாதுகாப்பான கப்பல் ஒன்றைக் கட்டுவித்தார். 1892 ஆகஸ்டில் அது கால்வாயைக் கடந்தது. அதன் பெயர் 'மியூரெக்ஸ்', அதாவது முட்சங்கு. அடுத்தவை 'கான்ச்', 'கிளாம்'. நம் மொழியில் சங்கு, மட்டி. தந்தையின் கடைச் சரக்கெல்லாம் கப்பலாக மிதந்தது!

ஆனால் எண்ணெய் விற்கவில்லை. காரணம் வேடிக்கையானது. போட்டியாளரின் எண்ணெய் நீல நிறத் தகர டின்னில் வந்தது. எண்ணெய் தீர்ந்தபின் டின் வாளியாகும், கூரையாகும். சாமுவேலின் எண்ணெயோ டின் இல்லாமல் கப்பலில் மொத்தமாக வந்தது. உடனே தகரத் தகடுகளை அனுப்பி, ஆங்காங்கே டின் செய்வித்து, சிவப்பு வண்ணம் பூசச் செய்தார். டின்னின் அருமை எங்கள் பாட்டியைக் கேட்டால் தெரியும்.

1897-இல் தம் நிறுவனத்துக்கு 'ஷெல்' என்றே பெயரிட்டார். 1904-இல் விசிறி போல் வரியோடிய சிப்பி அதன் சின்னமாயிற்று. இந்தியாவில் அவர் எண்ணெயை விற்ற கிரகாம் என்பவரின் குடும்பச் சின்னத்திலிருந்து அது வந்தது என்றும் சொல்வதுண்டு. பின்னாளில் மற்ற நிறுவனங்கள் பாயும் புலியையும் பறக்கும் குதிரையையும் காட்டிப் பெட்ரோல் விற்றன. ஓடாத, உறுமாத சிப்பியை வைத்தே இவர் பெயர் நாட்டினார் என்பதுதான் எனக்கு வியப்பு.

1902-இல் இலண்டன் மாநகரின் மேயரானார். மறு ஆண்டே 'கான்ச்' இலங்கையின் தென்மேற்குக் கரையோரம் பாறையில் மோதி மூழ்கியது. வணிகமும் தளர்ந்தது. 1907-இல் டச்சு நிறுவனத்துடன் இணைந்தபோது அவர்களுக்கு 60 பங்கு, இவருக்கு 40. ஆட்சி கைமாறியது, சிப்பி மட்டும் நிலைத்தது.

1927 ஜனவரியில் மனைவி இறந்தார். ஒரு நாள் கழிவதற்குள் இவரும் மறைந்தார். எங்கள் பரணில் கிடக்கும் டின்னுக்குரிய பர்மா-ஷெல் தொடங்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.