விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸும் அவர் செய்த கவசப் பெட்டியும்

இன்று வங்கியிலும், அஞ்சலகத்திலும், வட்டாட்சியர் அலுவலகத்திலும் கணிப்பொறியின்றி ஒரு வேலையும் நடைபெறுவதில்லை. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபின், விக்கிரவாண்டியைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் கூரை வீடுகளுக்கும் அக்கருவி வந்து சேர்ந்தது. அதன் திரையைக் காண்போர் பலர். அதன் உறுப்புகளைச் சூழ்ந்திருக்கும் பெட்டியைக் குறித்துச் சிந்திப்போர் சிலரே. அப்பெட்டி வெறும் மூடி அன்று; உள்ளிருக்கும் நுண்ணிய மின்னணு உறுப்புகளுக்கு அது கவசம். அத்தகைய கவசப் பெட்டியொன்றை ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன்பே கல்கத்தாவில் அமைத்துக் காட்டிய இந்தியப் பேரறிஞர் ஜகதீச சந்திர போஸ் அவர்கள். அவருடைய வாழ்க்கையை நம் மாணவச் செல்வங்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

போஸ் அவர்கள் 1858-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள், இன்று வங்காள தேசமாக விளங்கும் கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசில் துணை நீதிபதிப் பதவி வகித்தவர். அத்தகைய பதவியில் இருந்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே அந்நாளைய வழக்கம். ஆனால் தந்தையார் தம் மகனைப் பரீத்பூரில் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். அங்கே சிறுவன் ஜகதீசனுக்கு ஒருபுறம் தந்தையாரின் முஸ்லிம் பணியாளரின் மகனும், மறுபுறம் ஒரு மீனவரின் மகனும் அமர்ந்து பயின்றனர். பறவைகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அம்மீனவச் சிறுவன் சொன்ன கதைகளே தமக்கு இயற்கையை ஆராயும் வேட்கையை ஊட்டின என்று பிற்காலத்தில் போஸ் அவர்கள் நன்றியோடு நினைவுகூர்ந்தார். அன்னையார் பழைய ஆசாரங்களில் பற்றுடையவர். எனினும் பள்ளிவிட்டு வரும் மூவருக்கும் வேறுபாடின்றி ஒரே இடத்தில் அமுது படைத்தார். சாதியின் பெயரால் தண்ணீர்ப் பானையும் தனியே வைக்கப்பட்டிருந்த நாட்டில், அந்த வீட்டுத் திண்ணையே சமத்துவத்தின் முதற்பாடசாலையாக விளங்கிற்று.

தந்தையார் கைத்தொழிலின் அருமையை உணர்ந்தவர். பர்த்துவானில் கொள்ளைக் காய்ச்சலால் பெற்றோரை இழந்த சிறுவர்களுக்காகத் தம் இல்லத்திலேயே மரவேலை, உலோகக் கடைசல், வார்ப்பு முதலிய பட்டறைகளை அமைத்தார். அப்பட்டறைகளில் உலவியதால் ஏட்டுக் கல்வியோடு கருவிப் பழக்கமும் போஸ் அவர்களுக்குக் கைவந்தது.

கல்கத்தாவில் தூய சேவியர் கல்லூரியில் லபோண்ட் பாதிரியாரிடம் இயற்பியல் கற்றுப் பட்டம் பெற்றார். 1880-இல் இங்கிலாந்து சென்றார். முதலில் மருத்துவம் பயின்றார். உடல்நலக் குறைவால் அதைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் கற்றுத் தேர்ந்தார். 1885-இல் தாயகம் திரும்பி, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக அமர்ந்தார்.

அங்கே அவருக்கு ஓர் அவமதிப்புக் காத்திருந்தது. வெள்ளையர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. தற்காலிகப் பதவி என்று கூறி அதிலும் பாதியைக் குறைத்தனர். ஒரே வகுப்பறையில் ஒரே பாடத்தைக் கற்பிப்பவருக்குத் தோலின் நிறத்தால் மூன்றில் ஒரு பங்கு ஊதியமா என்று அவர் உள்ளம் கொதித்தது. ஆயினும் பணியைத் துறக்கவில்லை. ஒரு நாளும் தவறாமல் பாடம் நடத்தினார். ஊதியத்தை மட்டும் தொடவில்லை. குடும்பமோ கடனில் இருந்தது. அந்நிலையிலும் மூன்றாண்டுகள் இந்த அறப்போராட்டம் தொடர்ந்தது. இறுதியில் நிர்வாகம் பணிந்து, முழு ஊதியத்தையும் பழைய நிலுவையோடு வழங்கிற்று. தந்தையாரின் கடனைத் தீர்க்க அத்தொகை உதவிற்று. உரிமையை இழக்காமலும் கடமையில் வழுவாமலும் நிற்க முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இதற்கிடையே ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலைகளை மெய்ப்பித்துக் காட்டினார். 1894-இல் தம் 36-ஆவது பிறந்தநாளில், இனி வாழ்நாளை ஆராய்ச்சிக்கே ஒப்படைப்பது என்று போஸ் அவர்கள் உறுதி பூண்டார். கல்லூரியில் ஆய்வுக்கூடம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. ஒரு சிற்றறையே கிடைத்தது. கருவி செய்து தருவார் இல்லை. பள்ளிப் படிப்பில்லாத தகரத் தொழிலாளி ஒருவரை அமர்த்திக்கொண்டு, அவருக்குத் தாமே பயிற்சியளித்து, தம் செலவிலேயே கருவிகளைச் செய்வித்தார்.

ஹெர்ட்ஸின் அலைகள் நீளமானவை. போஸ் அவர்களோ 5 மில்லிமீட்டர் அளவுக்கு மிகக் குறுகிய அலைகளை உண்டாக்கினார். அதனால் முழு ஆய்வையும் ஒரு மேசையின் மீதே நடத்த முடிந்தது. ஆனால் ஒரு தொல்லை எழுந்தது. அலையை ஏற்கும் கருவி மிகவும் கூர்மையான உணர்வுடையது. அலைக்குழாய் வழியே வரும் கதிரை மட்டுமின்றி, தூண்டு சுருளிலிருந்தும் கம்பிகளிலிருந்தும் கசியும் வேண்டாத அலைகளையும் அது ஏற்றுக்கொண்டது. எது மெய்யான கதிர், எது கசிவு என்று பிரித்தறியாவிடில் ஆய்வின் முடிவு பொய்யாகிவிடும்.

இத்தொல்லைக்கு மருந்து முன்பே ஓரளவு தெரிந்திருந்தது. கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்று, விஞ்ஞானியாக உயர்ந்த மைக்கேல் பாரடே 1836-இல் இலண்டனில் 12 அடிச் சதுரமான அறையொன்றை அமைத்து, அதை உலோகத் தகட்டால் போர்த்து, வெளியே வலிய மின்சாரம் பாய்ச்சினார். உள்ளே மின்னேற்றத்தின் அறிகுறியே இல்லை. உலோகத்தின் மேற்பரப்பிலேயே மின்னேற்றம் பரவி நின்று, உள்ளிருப்பதைக் காத்தது.

இவ்வுண்மையைப் போஸ் அவர்கள் கருவிப் பெட்டியாக உருமாற்றினார். தூண்டு சுருளையும் சாவியையும் உலோகப் பெட்டியில் அடைத்தார். பெட்டிக்கு இரு சுவர்கள்: ஒன்று மெல்லிரும்பு, மற்றொன்று செம்பு. சுருளின் காந்தவிசையை இரும்பு தன்னுள்ளே இழுத்துக்கொள்ளும். மின்னலைகளைச் செம்பு தடுத்து நிறுத்தும். மின்கலத்தையும் அவர் பெட்டிக்குள்ளேயே வைத்தது நுட்பமான ஏற்பாடு. ஏனெனில் சுவரைத் துளைத்து வெளியே செல்லும் ஒரு கம்பியே போதும். அது உள்ளேயுள்ள இரைச்சலை ஏந்திச் சென்று வெளியே பரப்பிவிடும். கதிர் செல்லக் குழாய் ஒன்றை மட்டும் திறந்து வைத்தார். பெட்டியின் உயரம் 7 அங்குலம், நீளம் 6 அங்குலம், அகலம் 4 அங்குலம். கையில் தூக்கிச் செல்லத்தக்க இப்பெட்டியை இலண்டன் அறிஞர்களும் வியந்து பார்த்தனர்.

இதன் உண்மையை நம் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒலித்துக்கொண்டிருக்கும் சிறிய வானொலிப் பெட்டியை மண்பானைக்குள் வைத்து மூடினால் ஒலி மங்குமே தவிர நிகழ்ச்சி நிற்காது. அதையே இறுக்கமான மூடியுள்ள தகர டப்பாவில் வைத்து மூடினால் நிகழ்ச்சி அடங்கிவிடும். ஆனால் கைப்பேசியை வைத்தால், மூடியின் இடுக்கு வழியே குறுகிய அலை நுழைந்து, மணி ஒலிப்பதும் உண்டு. அலை குறுகக் குறுக, இடுக்கும் சிறிதாக இருத்தல் வேண்டும் என்பதே இதன் பாடம்.

கணிப்பொறிப் பெட்டியை அமைப்போர் இன்றும் கைக்கொள்ளும் விதிகள் இவையே. கணிப்பொறியின் செயலி நொடிக்குப் பல நூறு கோடி முறை துடிக்கின்றது. அத்துடிப்பு வெளியே கசிந்தால் வானொலிக்கும் பிற கருவிகளுக்கும் இடையூறு. வெளியிலுள்ள பம்புசெட்டு மோட்டாரின் தீப்பொறியும் மின்னலின் அதிர்வும் உள்ளே புகுந்தால் கணக்கே பிழைபடும். ஆகவே எஃகுத் தகட்டாலோ அலுமினியத்தாலோ பெட்டி செய்கின்றனர். பிளாஸ்டிக் பெட்டியாயின் உட்புறம் உலோகப் பூச்சுப் பூசுகின்றனர், அல்லது மெல்லிய உலோகத் தகடு பதிக்கின்றனர். வெப்பம் வெளியேறத் துளைகள் வேண்டும். 300 கோடித் துடிப்புள்ள அலையின் நீளம் 10 சென்டிமீட்டர். அதற்கு ஒரு நீண்ட பிளவு வழிவிடும், பல சிறு துளைகள் வழிவிடா. பிளவு தலைமுடி அகலமே இருந்தாலும் அதன் நீளம்தான் கணக்கு. இதனாற்றான் பெட்டியின் முதுகில் சிறு சிறு துளைகளை நெருக்கமாக இடுகின்றனர். பலகைகள் கூடும் மூட்டுகளில் நெகிழும் உலோக வில்களை வைக்கின்றனர். உள்ளே வரும் மின்கம்பியின் வாயிலில் வடிகட்டி அமைக்கின்றனர். அமெரிக்க நாட்டில் 1979-இல் கணிப்பொறிகளின் கசிவுக்குச் சட்ட வரம்பு விதிக்கப்பட்டது. நம் மாநிலத்தில் சென்னைத் தரமணியிலுள்ள சமீர் நிறுவனம் கருவிகளை இவ்வகையில் சோதித்துத் தருகின்றது.

போஸ் அவர்கள் 1895-ஆம் ஆண்டளவில் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவருக்கு அப்பால் கம்பியின்றி மணியை ஒலிக்கச் செய்தும், வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். அலைகளின் இயல்பை ஆராய அவர் கையாண்ட பொருள்களோ எளியவை: இரயில் நேர அட்டவணைப் புத்தகம், ஈயத்தாள், முறுக்கிய சணல். 1897 ஜனவரியில் இலண்டனில் பாரடே உழைத்த அதே நிறுவனத்தில் இவற்றை விளக்கிச் சொற்பொழிவாற்றினார். கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தைக் கொண்டு அலையை உணரும் அவருடைய கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. குறைகடத்திக் கருவிகளுள் மிக முந்திய காப்புரிமை அது. கணிப்பொறியின் உள்ளிருக்கும் சில்லுகள் அக்குடியில் பிறந்தவையே. எனினும் காப்புரிமையால் பொருள் ஈட்ட அவர் விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலாலேயே இசைந்தார்.

1887-இல் அவர் மணந்த அபலா தாஸ் அம்மையாருக்கும் நம் மாநிலத்துக்கும் தொடர்புண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவடைத்த காலத்தில், அவர் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றார். பின்னர்ப் பெண் கல்விக்காக அரும்பாடுபட்டார். போஸ் அவர்கள் பின்னாளில் தாவரங்களின் உணர்ச்சியை ஆராய்ந்தார். 1917-இல் தம் பிறந்தநாளன்று கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். 1920-இல் இலண்டன் அரசவைக் கழகத்தின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23-ஆம் நாள் கிரிதியில் மறைந்தார்.

அன்பார்ந்த மாணவர்களே! மூளையால் உழைப்பவன் உயர்ந்தவன், கையால் உழைப்பவன் தாழ்ந்தவன் என்று பிரித்த பொய்யே நம் மக்களைப் பல நூற்றாண்டுகள் பள்ளிக்கு வெளியே நிறுத்திற்று. போஸ் அவர்களின் பெட்டி அப்பொய்யை உடைக்கின்றது. கேம்பிரிட்ஜில் கற்ற அறிவு தனித்து நின்றிருந்தால் அது காகிதத்திலேயே தங்கியிருக்கும்; தகரம் வெட்டி, மடக்கி, பற்றவைத்த கை தனித்து நின்றிருந்தால் அது சமையற் பாத்திரத்தோடு நின்றிருக்கும். இரண்டும் ஓர் அறையில் சமமாக உழைத்தபோதே உலகம் வியக்கும் கருவி பிறந்தது. தந்தை பட்டறையில் உழைப்பதற்கு எந்தப் பிள்ளையும் நாண வேண்டியதில்லை. அந்தக் கைத்திறனோடு கணக்கும் இயற்பியலும் சேர்ந்தால், நாளை விழுப்புரத்துத் தொழிற்பயிற்சி நிலையத்திலும் திண்டிவனத்துக் கல்லூரியிலும் பயிலும் நம் பிள்ளைகள் கணிப்பொறியை வாங்குவோராக மட்டுமின்றி, அதை வடிவமைப்போராகவும் விளங்குவர். அதற்குரிய படிப்பை அவர்களுக்குக் கொடுப்பதே நம் கடமை.