ஊர்தோறும் கல்வி வளர்த்த அன்னை அஸ்மா

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவின் வடபகுதியில், தெகெல் என்னும் சிற்றூரில் 1793ஆம் ஆண்டு பிறந்தவர் நானா அஸ்மா. தந்தையார், பெரும் சீர்திருத்தவாதியும் இறைநேசருமான ஷைகு உஸ்மான் தன் ஃபோதியோ (ரஹ்) அவர்கள். தம் இல்லத்துப் பெண்டிரைக் கல்வியின்றி விட்டுவிடும் ஆலிம்களை வன்மையாகக் கண்டித்தவர் அப்பெருமகனார். அத்தகையவரின் புதல்வியார் அரபு, ஃபுல்ஃபுல்தே, ஹவுஸா ஆகிய மொழிகளில் புலமை பெற்றதில் வியப்பில்லை.

1804இல் ஷைகு அவர்கள் தெகெலை விட்டு ஹிஜ்ரத் செய்தபோது அன்னை சிறுமியாக இருந்தார். தொடர்ந்து மூண்ட போரின் முடிவில் சொக்கோட்டோ கிலாபத் உருவாயிற்று. அப்போது ஒரு பெரும் சிக்கல் எழுந்தது. போரினால் வாழ்விழந்த ஹவுஸாப் பெண்கள் எண்ணற்றோர் புதிய அரசின்கீழ் வந்தனர். அவர்களுக்கு அரபு தெரியாது. நோய்க்கும் மலட்டுக்கும் 'போரி' என்னும் ஆவி வழிபாட்டையே நாடிப் பழகியவர்கள் அவர்கள். வாளால் நாட்டை வெல்லலாம். உள்ளங்களை வெல்வது எங்ஙனம்?

அன்னையார் அவர்தம் தாய்மொழியையே கையில் எடுத்தார். ஹவுஸா மொழியை அரபு எழுத்தில் எழுதும் முறை அங்கு உண்டு. நம் முன்னோர் போற்றிய அரபுத் தமிழைப் போன்றதே அது. தொழுகை, நோன்பு, நபிபெருமானார் (ஸல்) அவர்களின் வரலாறு ஆகியவற்றை எளிய பாடல்களாக்கினார். திருக்குர்ஆனின் சூராக்களின் பெயர்களைத் தொகுத்த பாடலை மூன்று மொழிகளிலும் யாத்தார். எழுத்தறியாத பெண்களும் அவற்றைக் கேட்டு மனனம் செய்தனர்.

பின்னர் ஊர்தோறும் ஒரு பெண்ணை 'ஜாஜி' என்னும் தலைவியாக அமர்த்தினார். கோபிர் நாட்டில் போரி வழிபாட்டுத் தலைவி அணிந்துவந்த 'மல்ஃபா' என்னும் அகன்ற புல் தொப்பியை விலக்காமல், அதில் சிவப்புத் துணி கட்டி ஜாஜிகளுக்கு வழங்கினார். மக்கள் மதித்த பழைய சின்னம் கல்வியின் சின்னமாயிற்று! இவ்வமைப்பே 'யன் தாரு'. முதிய மாதரும் சிறுமியரும் ஜாஜியுடன் அன்னையிடம் சென்று பாடங்கேட்டுத் திரும்பி, வீட்டை விட்டு வெளிவர இயலாத பெண்களுக்குக் கற்பித்தனர். அவர்கள் கொண்டுவந்த தானியமும் துணியும் ஏழைகளுக்குப் பகிரப்பட்டன.

சகோதரர் சுல்தான் முஹம்மது பெல்லோ 1837இல் மறைந்த பின்னரும் அன்னையின் பணி ஓயவில்லை. 1864இல் இறையடி சேர்ந்தார். 1903இல் ஆங்கிலேயர் சொக்கோட்டோவைக் கைப்பற்றினர். கிலாபத்தின் ஆட்சி முடிந்தது. ஆனால் பெண்கள் நெஞ்சில் ஏந்திய பாடல்களை எவராலும் பறிக்க இயலவில்லை. இன்றும் நைஜீரியாவில் யன் தாரு மரபு வாழ்கிறது.

நம் இல்லங்களிலும் மூதாட்டியர் அரபுத் தமிழ் மாலைகளை ஓதி மார்க்கம் வளர்த்த காலம் உண்டு. அவர்கள் நாவோடு அவை மறைந்துவிடாமல் இளையோர் கேட்டுக் கற்பது கடமையன்றோ? வல்ல அல்லாஹ் அதற்கு நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.