அடா எழுதிய 25 படிகள்

கடந்த தவணைப் பரீட்சையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் எனக்குக் கிடைத்த புள்ளி 32. நான் கலைப் பிரிவு மாணவி. தமிழும் புவியியலும் எனக்கு விருப்பமான பாடங்கள். மூன்றாவதாக இந்தப் பாடத்தை எடுத்தது என் பிடிவாதத்தினால்தான். பைத்தன் என்னும் நிரலாக்க மொழியின் அடிப்படைகளைப் படிக்கத் தொடங்கியதும் அந்தப் பிடிவாதம் கரையத் தொடங்கியது. வாப்பா ஏசவில்லை. பாடத்தை மாற்ற இன்னும் காலம் இருக்கிறது, யோசித்துப் பார்க்கும்படி மட்டும் சொன்னார். அந்த வாரம்தான் நூலகத்தில் அடா லவ்லேஸின் வாழ்க்கையை வாசித்தேன்.

அடா 1815 டிசம்பர் 10ஆம் திகதி லண்டனில் பிறந்தார். தந்தை புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு. குழந்தைக்கு ஒரு மாதமானபோதே பெற்றோர் பிரிந்துவிட்டனர். 1816இல் இங்கிலாந்தை விட்டுச் சென்ற தந்தை பின்னர் மகளைப் பார்க்கவே இல்லை. அவர் கிரேக்க நாட்டில் இறந்தபோது அடாவுக்கு 8 வயது.

தாய் கணிதத்தில் ஆர்வமுடையவர். தந்தையின் குணம் மகளுக்கும் வந்துவிடுமோ என அஞ்சி, சிறுவயதிலிருந்தே கணிதம் கற்பிக்க ஆசிரியர்களை அமர்த்தினார். ஆனால் அடாவின் கற்பனையை யாராலும் கட்டிவைக்க முடியவில்லை. 12 வயதில் பறவைகளின் சிறகுகளை ஆராய்ந்து, பறக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்யத் திட்டமிட்டார். 1829இல் சின்னமுத்து நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. நீண்ட காலம் நடக்க முடியாமல் இருந்து, பின்னர் ஊன்றுகோலின் துணையுடன் நடந்தார். அப்போதும் படிப்பை விடவில்லை.

1833இல் அவர் சார்ள்ஸ் பபேஜ் என்ற கணித அறிஞரைச் சந்தித்தார். பற்சக்கரங்களால் கணக்கிடும் இயந்திரம் ஒன்றின் ஒரு பகுதியைப் பபேஜ் தம் வீட்டில் வைத்திருந்தார். வந்தவர்கள் அதை வேடிக்கைப் பொருளாகப் பார்த்துச் சென்றபோது, அது எப்படி இயங்குகிறது என்று அறிய விரும்பினார் அடா. அப்போது அவருக்கு வயது 17. எனக்கும் இப்போது அதே வயது என்பதால் அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

1835இல் திருமணம் நடந்தது. மூன்று பிள்ளைகளுக்குத் தாயானார். அதன் பிறகும், 1840இல், டி மோர்கன் என்ற கணிதப் பேராசிரியரிடம் கடிதங்கள் மூலம் உயர்கணிதம் கற்கத் தொடங்கினார். சார்புச் சமன்பாடுகள் அவருக்கு இலகுவில் பிடிபடவில்லை. அதை ஆசிரியரிடம் ஒளிக்காமல் எழுதி, திரும்பத் திரும்பக் கேட்டார். விளங்கவில்லை என்று வகுப்பில் ஒரு தடவைகூடக் கை உயர்த்தாத எனக்கு இது உறைத்தது.

இதற்கிடையில் பபேஜ் புதிய இயந்திரம் ஒன்றைத் திட்டமிட்டிருந்தார். பூவேலைத் துணி நெய்யும் தறிகளில் பயன்பட்ட துளையிட்ட அட்டைகளைக் கொண்டு அதற்குக் கட்டளையிடலாம். அட்டைகளை மாற்றினால் கணக்கும் மாறும். அதாவது, எந்தக் கணக்குக்கும் பொதுவான ஒரே இயந்திரம். அதைப் பற்றி இத்தாலியப் பொறியியலாளர் மெனபிரேயா 1842இல் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அடா, தம் சொந்தக் குறிப்புகளையும் சேர்த்து 1843இல் வெளியிட்டார். குறிப்புகள் மூலக் கட்டுரையைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு நீளமானவை. பெயருக்குப் பதிலாக முதலெழுத்துகளை மட்டுமே இட்டிருந்தார்.

கடைசிக் குறிப்பில்தான் அந்தப் புகழ்பெற்ற அட்டவணை இருக்கிறது. பேர்னூலி எண்கள் என்றொரு தொடர் உண்டு. அதில் ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முன் வந்த எண்களைக் கொண்டே கணிக்க வேண்டும். இயந்திரம் அதைச் செய்ய வேண்டிய முறையை அடா 25 படிகளாக எழுதினார். இப்படி ஒழுங்காகப் படிகளை அமைப்பதைத்தான் அல்கொரிதம் என்கிறோம். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது.

அந்த அட்டவணையில் என் பாடப்புத்தகத்தையே கண்டேன். எண்களை வைக்கும் இடங்களுக்கு அடா பெயரிட்டிருந்தார். அவையே நாம் படிக்கும் மாறிகள். குறிப்பிட்ட சில படிகளை மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும் என்று காட்டியிருந்தார். அதுவே சுழற்சி. பைத்தனில் எக்ஸ் சமன் எக்ஸ் சக 1 என்று எழுதுவது எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. கணிதத்தில் அது பொய்யல்லவா? ஆனால் ஒரே இடத்தில் பழைய பெறுமானம் போய்ப் புதிய பெறுமானம் வருவதைக் காட்ட, அடா பெயரின் இடப்பக்க மேல்மூலையில் ஒரு சிறிய இலக்கம் இட்டிருந்தார். பெறுமானம் மாறும்போது அந்த இலக்கமும் மாறும். வலப்பக்கம் இருப்பது பழைய எக்ஸ், இடப்பக்கம் வருவது புதிய எக்ஸ் என்பது அப்போதுதான் விளங்கியது.

இன்னொன்றும் அறிந்தேன். பபேஜ் செய்துகொடுத்த கணிப்பில் இருந்த பெரிய தவறொன்றை அடா கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினாராம். அதைப் பபேஜே பின்னர் பதிவு செய்திருக்கிறார். அப்படிப்பட்டவரின் அட்டவணையிலும் 4ஆம் படியில் ஒரு வகுத்தல் தலைகீழாக அச்சாகியிருக்கிறது. 

பபேஜ் முன்னரே இவ்வாறான அட்டவணைகளை எழுதி வைத்திருந்ததால், முதல் நிரலாளர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் எண்களை மட்டுமன்றி இசையைக்கூட இத்தகைய இயந்திரம் அமைக்கலாம் என்று அன்றே எழுதியவர் அடா. கவிஞரின் மகளுக்குத்தான் அது தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த இயந்திரம் முழுமையாகக் கட்டப்படவில்லை. அடாவின் கடைசி ஆண்டுகளும் இலகுவானவை அல்ல. குதிரைப் பந்தயச் சூதில் பணத்தை இழந்து கடன்பட்டார். புற்றுநோயால் துன்பப்பட்டு, 1852 நவம்பர் 27ஆம் திகதி 36 வயதில் இறந்தார். அவர் விருப்பப்படி, கண்டறியாத தந்தையின் அருகிலேயே அடக்கம் செய்தனர். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் உருவாக்கிய நிரலாக்க மொழி ஒன்றுக்கு அடா என்று பெயர் சூட்டப்பட்டது. அதன் தர இலக்கத்தில் அவர் பிறந்த 1815ஐயும் சேர்த்தார்கள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று மாலை, பரீட்சையில் பிழைத்த வினாவை மீண்டும் எடுத்தேன். 1 முதல் 10 வரை கூட்ட வேண்டும். 55 வர வேண்டிய இடத்தில் 45 வந்தது. அடாவைப் போல ஒவ்வொரு படியையும் தாளில் எழுதிப் பார்த்தேன். ரேஞ்ச் என்ற கட்டளைக்கு 1, 10 என்று கொடுத்தால் பைத்தன் 9உடன் நின்றுவிடுகிறது. 11 என்று திருத்தினேன். 55 வந்தது.

ஓடிப்போய் வாப்பாவிடம் காட்டினேன். இந்த ஓர் எண்ணுக்கா இத்தனை சந்தோஷம் என்று சிரித்தார். பாடத்தை மாற்றும் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அடுத்த நாள் வகுப்பில் முதல் தடவையாகக் கை உயர்த்தி, விளங்காததைக் கேட்டேன்.