ஜோசப் பிலாட்டீஸ்

சுவரை வைத்துத்தான் சித்திரம் வரைய வேண்டும் என்பர் பெரியோர். அச்சுவரே வலுவற்றதாய் அமைந்துவிட்டால் என் செய்வது? விதியை நொந்து காலம் கழிப்பார் பலர். செங்கல் செங்கலாக எடுத்து, அதனை மீண்டும் கட்டி எழுப்புவார் ஒரு சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜோசப் பிலாட்டீஸ். இன்று உலகின் பல நாடுகளில் அவர் பெயராலேயே ஓர் உடற்பயிற்சி முறை வழங்கி வருகின்றது.

பிறப்பும் இளமையும்

ஜெருமனி நாட்டில் மன்சென்கிளாட்பாக் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் 1883-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் ஜோசப் பிறந்தார். அவர்தம் தந்தையார் உலோக வேலை செய்பவர். உடற்பயிற்சியிலும் ஈடுபாடு மிக்கவர். ஆயினும் மைந்தரோ நோயுற்ற குழந்தையாகவே வளர்ந்தார். ஆஸ்துமா அவருடைய மூச்சைத் தடுத்தது. கணைநோய் எலும்புகளை மெலிவித்தது. மூட்டுகளைத் தாக்கும் காய்ச்சலும் அவரை வாட்டியது என்பர்.

சிறுவர் ஜோசப் மனம் தளர்ந்தாரல்லர். உடலின் அமைப்பை ஆராய்ந்து அறிவதில் நாட்டம் கொண்டார். மூச்சுப் பயிற்சி, உடற்பயிற்சி, குத்துச்சண்டை ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பழகினார். மெலிந்த மேனி நாளடைவில் உரம் பெற்றது. உடல் என்பது அடக்கி ஆளத்தக்க கருவி என்னும் உண்மை அவருக்கு நூலால் அன்றிப் பட்டறிவாலேயே விளங்கிற்று.

சிறைமுகாமில்

முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர் ஜோசப் இங்கிலாந்துக்குச் சென்று, அங்கே வாழ்ந்து வந்தார். 1914-ஆம் ஆண்டில் போர் மூண்டது. இங்கிலாந்தில் இருந்த ஜெருமானியர் பகைநாட்டினராகக் கருதப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டனர். ஜோசப்பும் அவர்களுள் ஒருவரானார். பின்னர் அவர் மான் தீவிலுள்ள நாக்கலோ என்னும் முகாமிற்கு அனுப்பப்பட்டார். 20,000-க்கும் மேற்பட்டோர் முள்வேலிக்குள் அடைபட்டிருந்த பெருமுகாம் அது.

குற்றம் ஏதும் செய்யாமலே சிறைப்பட்டவர்களுக்கு நாள்கள் நகரவில்லை. வேலையின்மையும் கவலையும் உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே அரித்தன. அந்நிலையில் ஜோசப் தம் தோழர்களுக்குத் தரையில் படுத்தும் அமர்ந்தும் செய்யத்தக்க பயிற்சிகளைக் கற்பித்தார். எழ இயலாத நோயாளிகளின் கட்டில்களில் அவர் சுருள்விற்களைப் பொருத்தினார் என்றும், படுத்தவாறே அவற்றை இழுத்துக் கைகால்களை இயக்குமாறு செய்தார் என்றும் வழிவழியாகக் கூறுவர். நிற்க வலியில்லாதவனும் படுக்கையில் இருந்தபடியே பயில வேண்டும் என்னும் அக்கருத்தே அவர் பின்னர் அமைத்த கருவிகளில் வேரூன்றி நின்றது.

நியூயார்க்கு நகரில்

போர் முடிந்தபின் ஜோசப் தாய்நாடு திரும்பினார். 1926-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தார். நியூயார்க்கு நகரின் எட்டாம் பெருந்தெருவில் பயிற்சிக்கூடம் ஒன்றை நிறுவினார். கிளாரா என்னும் அம்மையார் அவருக்கு வாழ்க்கைத் துணையாகவும் பயிற்சித் துணையாகவும் விளங்கினார். அறிவு உடலை ஆள வேண்டும் என்னும் கருத்தமையத் தம் முறைக்குக் கன்ட்ராலஜி எனப் பெயரிட்டார் ஜோசப். 1945-ஆம் ஆண்டில் அதனை விளக்கி நூலும் வெளியிட்டார்.

நாட்டியக் கலைஞர் பலர் அவரை நாடி வந்தனர். ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரகாம் முதலிய நாட்டியப் பேராசிரியர்களும் அவர் முறையை மதித்தனர். கால் சுளுக்கியோர், முதுகு நொந்தோர், அறுவை மருத்துவத்திற்குப் பின் தளர்ந்தோர் ஆகியோரும் அங்கு வந்தனர். எல்லோர்க்கும் ஒரே பயிற்சியை அவர் விதிக்கவில்லை. ஒவ்வொருவர் உடலையும் கண்ணால் அளந்து, அதற்கேற்பக் கற்பித்தார்.

கருவிகளும் காப்பும்

அவர் அமைத்த கருவிகளுள் தலைசிறந்தது ரிபார்மர் என்பது. கட்டில் போன்ற சட்டத்தினுள் படுக்கைப் பலகை ஒன்று சக்கரங்களின்மேல் முன்னும் பின்னும் நகரும். சுருள்விற்கள் அதனைச் சட்டத்தோடு பிணைத்திருக்கும். பயில்பவர் அதன்மேல் படுத்து, கால்தாங்கிக் கம்பியை மிதித்துத் தள்ளுவார். தள்ளத் தள்ள விற்கள் நீண்டு, எதிர்விசை படிப்படியாக மிகும்.

இக்கருவியின் சிறப்பு, ஆளுக்கேற்ப மாற்றத்தக்கதாய் இருத்தலே. அவ்வாறு மாற்றாமல் பயன்படுத்துவோர்க்கு அதுவே தீங்காகவும் முடியும். நெடியவருக்கு அமைத்த இடைவெளியில் குறியவர் படுத்தால் கால்தாங்கி எட்டாது. குறியவருக்கு அமைத்ததில் நெடியவர் படுத்தால் முழங்கால்கள் அளவிறந்து மடங்கி நோவெடுக்கும். ஆதலின் ஒவ்வொருவர் வரும்போதும் கால்தாங்கியின் நிலை, வார்களின் நீளம், தலைதாங்கியின் உயரம் ஆகியவற்றைச் சரிபார்த்தல் வேண்டும். இடுப்பை மேலே தூக்கி முதுகைச் சுருட்டும் பயிற்சிகளில் தலைதாங்கியைத் தாழ்த்திவிட வேண்டும். இல்லையேல் உடற்பாரம் கழுத்தின்மேல் விழும்.

விற்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் பயிற்சி எளிதாகிவிடும் என்று கருதுவது இயல்பு. காலால் தள்ளும் பயிற்சிக்கு அது பொருந்தும். ஆனால், பலகையின்மேல் நின்றோ மண்டியிட்டோ நிலைகாக்கும் பயிற்சிகளில், வில் குறையக் குறையப் பலகை நழுவும். உடலைத் தாங்குவார் எவரும் இலர். அங்கே குறைந்த வில்லே கடினமானது. எனவே, வில் என்பது சுமை மட்டும் அன்று, துணையும் ஆகும். மெலிந்தோர்க்குத் துணை எவ்வளவு, வலியோர்க்குச் சுமை எவ்வளவு என்று ஆராய்ந்து தேர்தலே ஆசிரியர் கடமை.

பயிற்சி தொடங்குமுன் கொக்கிகள் நன்கு மாட்டப்பட்டுள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். சுருள்களுக்கிடையே விரிசலோ, துருவோ, வளைவோ கண்டால் அவ்வில்லை உடனே அகற்றல் வேண்டும். வார்களின் தையலையும் கயிறுகளின் தேய்வையும் நோக்குதல் வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் பலகை நழுவாவண்ணம் வில் மாட்டியே இருத்தல் நன்று. பலகை ஓடும் தடத்தில் விரல் வைத்தல் கூடாது. காடிலாக் என்னும் உயர்சட்டக் கருவியில், கீழிருந்து வில் மாட்டிய கம்பி கைதவறினால் பாய்ந்து முகத்தைத் தாக்கக்கூடும். அதனால் அதற்குக் காப்பு வார் பூட்டுவதும், ஆசிரியர் தம் கையை அக்கம்பியில் வைத்திருப்பதும் மரபாயின. எலும்பு தேய்ந்த முதியோர்க்கு முதுகை முன்னே வளைக்கும் பயிற்சிகள் விலக்கத்தக்கன. கருவுற்ற மகளிரும் மருத்துவர் கருத்தை அறிந்தே பயிலுதல் வேண்டும்.

மறைவும் புகழும்

ஜோசப் 1967-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9-ஆம் நாள் இயற்கை எய்தினார். கிளாரா அம்மையார் கூடத்தைத் தொடர்ந்து காத்து, 1977-ஆம் ஆண்டில் மறைந்தார். ரோமானா கிரிசனோவ்ஸ்கா, ஈவ் ஜென்றி, கரோலா டிரியர் முதலிய மாணாக்கர் அம்முறையைப் பிறர்க்குக் கற்பித்தனர். பிலாட்டீஸ் என்னும் பெயர் எவர்க்கும் தனியுரிமை அன்று என்று 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று முதல் அப்பெயரை எவரும் தம் கூடத்தின் வாயிலில் எழுதலாம் என்றாயிற்று. பெயரை எழுதுவது எளிது. அப்பெயர்க்குரிய கவனத்தைக் கைக்கொள்வதே அரிது. தம்மிடம் படுத்திருப்பவர் இளைஞரா முதியவரா, நலமுற்றவரா நோயுற்றவரா என்று நோக்காமல் வில்லை மாட்டுபவர், கருவியை அறிந்தவர் ஆகலாம். ஜோசப்பை அறிந்தவர் ஆகார்.

நோயுற்ற சிறுவராய்த் தொடங்கி, முள்வேலிக்குள்ளும் பிறர் நலம் பேணிய அவர் வாழ்வு ஊக்கத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு. கருவிக்கு ஏற்ப மனிதரை வளைத்தல் தீது. மனிதருக்கு ஏற்பக் கருவியைத் திருத்துதலே அறிவு. இவ்வுண்மை பயிற்சிக்கூடத்திற்கு மட்டுமன்றி, பிறர்க்குத் தொண்டு செய்யும் எல்லாத் தொழில்களுக்கும் பொருந்துவதாகும்.