ஆறாம் வகுப்போடு நின்றவர்



ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள். கர்மவீரர் காமராசர் பிறந்த நாள். அன்னைக்கு நம்ம பள்ளியில் பேச்சுப் போட்டி எல்லாம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனா எங்க வகுப்பில் மூணு பெஞ்சு காலி. குற்றாலத்தில் சாரல் அடிச்சா நம்ம ஊர்ல அப்படித்தான். கொஞ்சம் பேர் ஐந்தருவிப் பக்கம் கடையில் நிப்பாங்க. கொஞ்சம் பேர் வீட்டில் பீடிக்கு இலை வெட்டுவாங்க. கொஞ்சம் பேர் சும்மாவே வரமாட்டாங்க. பள்ளிக்கூடத்துக்கு வராதவங்களைப் பத்தி ரொம்ப யோசிச்சவர் காமராசர்தான். அதனால் அவர் கதையை எழுதுறேன்.

அவர் 1903ல் விருதுபட்டியில் பிறந்தார். இப்போ அது விருதுநகர். அப்பா குமாரசாமி தேங்காய் வியாபாரி, அம்மா சிவகாமி அம்மாள். சிறு வயதில் சேர்ந்து படித்த சத்திரிய வித்தியாசாலையை நடத்திய விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்களாம். அப்படிச் சேர்ந்த பிடி அரிசியில்தான் அந்தப் பள்ளிக்கூடம் ஓடியது. பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடையாது.

அப்படிப்பட்ட பள்ளியிலேயே அவரால் நிலைக்க முடியவில்லை. ஆறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். படிப்பில் அவருக்குப் பெரிய ஆசையும் இல்லை என்று சொல்கிறார்கள். ஆறாம் வகுப்போடு நின்று, மாமாவின் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனார். கடையிலும் ஒழுங்காக உட்காரவில்லை. எங்கேயாவது சுதந்திரப் போராட்டக் கூட்டம் என்றால் நழுவிப் போய்விடுவார். வீட்டார் பயந்து திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் வைக்கம் போராட்டம் நடக்கிறது என்றதும் மனசு அங்கே போய்விட்டது. இந்தக் காலத்தில் இருந்தால் அவர் பெயருக்கு நேரே வருகைப் பதிவேடு முழுக்க ஆப்சென்ட்தான்!

1930ல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காக முதல் தடவை ஜெயிலுக்குப் போனார். அலிப்புரம் ஜெயில். பிறகும் பல தடவை போய், மொத்தம் சுமார் 9 வருடம் சிறையில் இருந்தார். வகுப்பில் உட்காரப் பிடிக்காத பையன் ஜெயிலில் உட்கார்ந்து புத்தகம் படித்தார். ஆங்கிலமும் அங்கேதான் கற்றுக்கொண்டார். படிப்பு வராதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியுமா? தேவை என்று தோணினதும் படிப்பு வந்துவிட்டது.

1954 ஏப்ரலில் முதலமைச்சர் ஆனார். அதற்கு முந்தின வருடம் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டு வந்திருந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளியில் மூணு மணி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பா செய்கிற தொழில். குலக்கல்வி என்று சொல்லி நிறைய பேர் எதிர்த்தார்கள். காமராசர் வந்ததும் அதை நிறுத்திவிட்டார். எங்க தெருவை நினைச்சா அது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குப் புரியுது. பாதி நாள் அம்மா தொழில்னா நாங்க எல்லாரும் பீடித் தட்டோட உட்கார்ந்திருப்போம்.

அடுத்து நம்ம பக்கத்தில் நடந்ததாகச் சொல்லும் கதை. தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போனால் அம்பாசமுத்திரம் தாண்டி சேரன்மகாதேவி வருமே, அங்கே ரயில்வே கேட்டில் அவர் கார் நின்றதாம். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையனிடம் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டாராம். போனால் சோறு யார் போடுவார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டுவிட்டானாம். முதலமைச்சர் கோபப்படவில்லை. அவன் அப்பா அம்மாவைக் கூப்பிட்டுத் திட்டவும் இல்லை. 1956ல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. அரசாங்கம் ஒரு பங்கு, ஊர்க்காரர்கள் ஒரு பங்கு என்று செலவு செய்தார்கள். பழைய பிடி அரிசிதான் அவர் மனசில் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

தூரம்தான் காரணம் என்றால் ஊருக்குப் பக்கத்திலேயே பள்ளி திறந்தார். நல்ல துணி இல்லை என்று கூச்சப்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை வந்தது. கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு அவருக்குத் துணையாக இருந்தார். 1958லிருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர் மக்கள் கரும்பலகை, மணி, கடிகாரம், பெஞ்சு எல்லாம் திருவிழா மாதிரி கொண்டு வந்து கொடுத்தார்கள். பிள்ளைகள் பார்த்ததும் உள்ளே வர ஆசைப்படும்படி பள்ளிக்கூடம் இருக்கணும் என்று அப்போதே நினைத்திருக்கிறார்கள். 1963ல் தானாகவே பதவியை விட்டார். 1975 அக்டோபர் 2ல் இறந்தபோது அவருக்குச் சொந்தமாக ஒரு வீடுகூட இல்லை.

இப்போ நமக்கு மத்தியானம் முட்டையோட சாப்பாடு இருக்கு. 2022லிருந்து சின்னப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் வந்துவிட்டது. சீருடை, புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் இருக்கு. அப்புறம் ஏன் மூணு பெஞ்சு காலி?

அதில் ஒரு இடம் என்னோடது. கல்வி வளர்ச்சி நாள் அன்னைக்கு மட்டும்தான் வந்தேன். அதற்குப் பிறகு எட்டு நாள் வரல. காய்ச்சல்னு லீவ் லெட்டர் கொடுத்தேன். காய்ச்சல் இல்லை. அம்மா சனிக்கிழமை கடையில் பீடிக் கணக்கு ஒப்படைக்கணும், கை வலின்னு சொன்னாங்க, நான் இலை வெட்டிக் கொடுத்தேன். அது நாலு நாள்தான். திரும்பி வந்த அன்னைக்குக் கணக்கில் மெய்யெண்கள் பாதி முடிஞ்சிருந்தது. ஒண்ணும் விளங்கல. எழுந்து கேட்க வெட்கம். மறுநாள் அம்மா போகச் சொல்லியும் நான் போகல. அந்தப் பின் நாலு நாளுக்குக் காரணம் பீடி இல்லை, கணக்குதான். டீச்சர், மன்னிச்சுக்கோங்க. விட்ட பாடத்தை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷம் யாராவது சொல்லிக் கொடுத்தா நான் மறுநாளே வந்திருப்பேன்.

இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கோம். நீங்க வராத நாளுக்கு உண்மையான காரணத்தை அதில் எழுதுங்க. பேர் போட வேண்டாம். ஆகஸ்ட் கடைசியில் தலைமையாசிரியரிடம் கொடுப்போம். முதல் வரி நான் எழுதிட்டேன்.