மாலி ஹைட் அம்மையார்

ஒருவர் பெற்ற வெற்றிகளை எண்ணி அவரைப் பெரியார் என்று போற்றுதல் உலக வழக்கு. ஆயினும், வெற்றி பெறுதற்கு வாய்த்த நாட்கள் மிகச் சிலவாக இருந்தும், அச்சில நாட்களுக்காகப் பல்லாண்டு தம்மை ஆயத்தம் செய்து, பின்னர்த் தாம் நின்ற இடத்திலே பிறரை நிறுத்தும் பணியையும் மேற்கொண்ட ஒருவரை எவ்வாறு அளப்பது? ஆங்கில மாதர் கிரிக்கெட்டுக் குழுவிற்குப் 17 ஆண்டுகள் தலைமை பூண்ட மாலி ஹைட் அம்மையாரின் வரலாறு இவ்வினாவிற்குத் தக்க விடையாகும். மாதர் கிரிக்கெட்டின் வரலாற்றை அறிந்தோர் இவர் பெயரை அறியாதிரார். இருபது ஆண்டுகளில் 15 டெஸ்டு ஆட்டங்களே ஆடிய ஒருவர் இத்துணைப் புகழ் எய்தியது எங்ஙனம் என்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அம்மையார் 1913-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ஆம் நாள் சீன தேசத்து ஷாங்காய் நகரில் பிறந்தார். இளமையிலேயே இங்கிலாந்து சேர்ந்து, ஸர்ரே என்னும் பகுதியில் வளர்ந்தார். விக்கம் ஆபி என்னும் பெண்கள் பாடசாலையில் பயின்றபின், ரெடிங் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைக் கல்வி கற்றார். உழவே அவரது தொழிலாயிற்று. ஆட்டம் ஒருபோதும் அவருக்குப் பிழைப்பாக அமைந்ததில்லை. லாக்ராஸ் என்னும் வலைக்கோற் பந்தாட்டத்திலும் அவர் தம் நாட்டிற்காக ஆடியவர்.

அக்காலத்து மாதர் கிரிக்கெட்டு இருந்த நிலையை உணர்ந்தாலன்றி அம்மையாரின் அருமை விளங்காது. 1926-ஆம் ஆண்டில் மால்வெர்ன் குன்றுகளின் அருகேயுள்ள கோல்வால் என்னும் சிற்றூரில் ஒன்றுகூடி ஆடிய பெண்கள் சிலர், அவ்வாண்டிலேயே மாதர் கிரிக்கெட்டுச் சங்கம் ஒன்றை நிறுவினர். சங்கத்திற்குப் பெருஞ்செல்வம் இல்லை. பெண்கள் மட்டை பிடித்தலைக் கண்டு நகைப்போரோ பலர். அந்நகைப்பிற்கு இடங்கொடாமை கருதிச் சங்கத்தார் பாவாடையின் நீளத்திற்கும் வெண்ணிறக் காலுறைக்கும் விதி வகுத்தனர். ஆடவர்க்குத் திறமை ஒன்றே போதுமாயிருக்க, பெண்கள் திறமையோடு ஒழுங்கையும் காட்டிப் பிறர் நன்மதிப்பைப் பெறவேண்டியவராயினர்.

1934-ஆம் ஆண்டின் இறுதியில் பெட்டி ஆர்ச்டேல் என்பவர் தலைமையில் முதல் ஆங்கில மாதர் குழு ஆஸ்திரேலியாவுக்குக் கடற்பயணம் சென்றது. பயணச் செலவாக ஏறக்குறைய 80 பவுனை ஒவ்வொருவரும் தாமே கொடுத்தனர். அக்காலத்தில் அது சிறு தொகையன்று. ஆதலின், திறமையிருந்தும் பொருளில்லாதார் செல்லுதல் அரிதாயிற்று. அக்குழுவில் இடம்பெற்ற ஹைட் அம்மையாருக்கு அப்போது வயது 21. டிசம்பர் 28-ஆம் நாள் பிரிஸ்பேன் நகரில் உலகின் முதல் மாதர் டெஸ்டு ஆட்டம் தொடங்கிற்று. மிர்டில் மக்லகன் அம்மையார் 10 ரன்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்த, ஆஸ்திரேலியர் 47 ரன்களில் சுருண்டனர். ஆங்கில மாதர் 9 விக்கெட்டுகளால் வென்றனர்.

அங்கிருந்து அவர்கள் நியூஸிலாந்து சென்று, 1935 பிப்ரவரியில் கிரைஸ்ட்சர்ச் நகரில் ஆடினர். எதிரணியினர் 44 ரன்களில் ஆட்டமிழக்கவே, பெட்டி ஸ்னோபால் அம்மையாரும் ஹைட் அம்மையாரும் இணைந்து இரண்டாம் விக்கெட்டுக்கு 235 ரன்கள் சேர்த்தனர். முன்னவர் 189 ரன்களும், ஹைட் அம்மையார் 110 ரன்களும் எடுத்தனர். ஓர் இன்னிங்ஸும் 337 ரன்களும் என்னும் பெரு வித்தியாசத்தில் இங்கிலாந்து வென்றது.

1937-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மாதர் இங்கிலாந்திற்கு வந்தபோது, 23 வயதே நிரம்பிய ஹைட் அம்மையாரிடம் தலைமை ஒப்புவிக்கப்பட்டது. நார்தாம்ப்டனில் ஆஸ்திரேலியர் 31 ரன்களால் வென்றனர். பிளாக்பூலில் ஆங்கிலேயர் 25 ரன்களால் வென்று ஈடு செய்தனர். லண்டன் ஓவல் மைதானத்தில் நடந்த மூன்றாம் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. முன்னர்த் தோற்றே சென்ற ஆஸ்திரேலியர் இம்முறை சரிநிகராக நின்றமையால், இனி நடைபெறும் போட்டிகள் மேலும் சுவையுடையனவாகும் என்று யாவரும் எதிர்பார்த்திருப்பர்.

ஆயின் நிகழ்ந்தது வேறு. 1939-இல் உலகப் பெரும்போர் மூண்டது. 1937 ஜூலைக்குப் பின் 1949 ஜனவரி வரை ஆங்கில மாதர்க்கு டெஸ்டு ஆட்டம் ஒன்றேனும் வாய்க்கவில்லை. ஆட்டக்காரர் ஒருவருக்கு உடல் வலிமையும் உளத்தெளிவும் ஒருங்கே கூடி நிற்கும் பருவம் எதுவோ, அப்பருவம் முழுவதையும் போர் விழுங்கிற்று. நாடு தன் வயல்களையே பெரிதும் நம்பியிருந்த அந்நாட்களில் உழவு கற்றவர்க்கு ஓய்வு ஏது? இருபத்து மூன்று வயதில் மட்டையைக் கீழே வைத்த தலைவர், மீண்டும் டெஸ்டுக் களத்தில் இறங்கியபோது முப்பத்தைந்து வயதினராயிருந்தார்.

இழந்த காலத்தை எண்ணி ஏங்கி நின்றிருந்தால் இவ்வரலாறு இங்கே முடிந்திருக்கும். 1949-இல் அடிலெய்டு நகரில் நடந்த முதல் ஆட்டத்தில் இங்கிலாந்து 186 ரன்களால் தோல்வியுற்றது. ஆஸ்திரேலியரின் பெட்டி வில்ஸன் என்னும் இளம் வீராங்கனை மட்டையாலும் பந்தாலும் ஆங்கிலேயரை வருத்தினார். மெல்போர்ன் ஆட்டம் முடிவின்றிப் போயிற்று. எஞ்சியது சிட்னி ஆட்டம் ஒன்றே. அங்கே அம்மையார் முதல் இன்னிங்ஸில் 63 ரன்களும், இரண்டாம் இன்னிங்ஸில் ஆட்டமிழவாது 124 ரன்களும் எடுத்துத் தம் குழுவை மற்றொரு தோல்வியினின்று காத்தார். தொடர் கைவிட்டுப் போயினும் மானம் நிலைபெற்றது. அவரது உருவப்படம் சிட்னி மைதானத்து ஆட்டக்காரர் மாளிகையில் மாட்டப்பெற்றது. தம்மோடு போட்டியிட்ட நாட்டாரே தம் மாளிகையில் ஒருவர் படத்தை வைப்பராயின், அதனினும் சிறந்த பாராட்டு வேறு என்ன உளது?

1954-ஆம் ஆண்டில் நியூஸிலாந்து மாதர்க்கு எதிராக ஆடியதோடு அம்மையார் டெஸ்டு ஆட்டத்தினின்று விலகினார். 15 ஆட்டங்களில் அவர் எடுத்த ரன்கள் 872, சராசரி 36.33. ஆப் பிரேக் என்னும் சுழற்பந்து வீசி 36 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். 17 ஆண்டுத் தலைமையில் அவர் குழுவை நடத்திச் சென்ற டெஸ்டு ஆட்டங்கள் 11 மட்டுமே.

மட்டையை வைத்தபின் அவர் ஆட்டத்தை மறந்தாரல்லர். ஆங்கிலக் குழுவைத் தெரிந்தெடுக்கும் குழுவில் உறுப்பினராகவும், குழுவின் மேலாளராகவும், மாதர் கிரிக்கெட்டுச் சங்கத்தின் தலைவராகவும் அமர்ந்து பணிபுரிந்தார். இவற்றுள் தெரிவாளர் பணியே மிகக் கடினமானது என்பது எமது கருத்து. ஆடுகின்றவர் செய்யும் பிழை அன்று மாலையே மறக்கப்படும். தெரிவாளர் செய்யும் பிழையோ விடப்பட்டவரின் நெஞ்சில் நெடுநாள் நிற்கும். கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஆட்டக்காரர் பட்டியல் ஒட்டப்படும் நாளில், தம் பெயரைத் தேடிக் காணாது திரும்பிய மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அம்மையார் விலகியபின் ஆங்கில மாதர் டெஸ்டுத் தொடர்கள் 1957, 1960, 1963, 1966 என மூன்றாண்டுக்கு ஒரு முறையாகவே தொடங்கின. இருபத்தைந்து வயதில் விடப்பட்ட பெண்ணுக்கு அடுத்த வாய்ப்பு வரும்போது இருபத்தெட்டு வயதாகிவிடும். சிலருக்கு அது வாராமலே போகும். காத்திருக்கும் ஆண்டுகளின் விலை இன்னது என்பதைப் பன்னிரண்டு வயது வேறுபாட்டில் அளந்தறிந்த ஒருவர் அப்பணியில் அமர்ந்தது பொருத்தமேயாகும். புகழ் பெற்றவர் ஆட்டத்திற்குத் திருப்பிச் செலுத்தத்தக்க கடனும் இதுவே.

அவர் பாடுபட்ட துறை மெல்ல வளர்ந்தது. 1973-இல் மாதர்க்கான முதல் உலகக் கோப்பைப் போட்டி, ஆடவர்க்கான போட்டிக்கு இரண்டாண்டு முன்னதாகவே நடைபெற்றது. அதில் இங்கிலாந்தே வென்றது. 1976 ஆகஸ்டு 4-ஆம் நாள் லார்ட்ஸ் மைதானத்தில் மாதர் முதன்முறையாக ஆடினர். அப்போது அம்மையாருக்கு 62 வயது. தம் நாட்டின் தலைசிறந்த மைதானத்தில் தம் நாட்டுக்காக ஆடும் பேறு அவருக்கு வாய்த்ததே இல்லை. அம்மைதானத்திற்கு உரிமையுடைய எம்.சி.சி. என்னும் கழகம், 1787-இல் நிறுவப்பெற்றது, 1998-இல்தான் பெண்களை உறுப்பினராக ஏற்க இசைந்தது. அம்மையாரோ 1995 செப்டம்பர் 10-ஆம் நாள், தமது 81-ஆம் வயதில் மறைந்துவிட்டார்.

தாம் நுழைய இயலாத வாயில்கள் பிறர்க்குத் திறக்கும் என்று நம்பி உழைத்தல் அரிய குணம். உழவர் நட்ட மரத்தின் கனியை உழவரே உண்பர் என்னும் உறுதி இல்லை. ஆயினும் நடுதலை அவர் நிறுத்துவதில்லை. உழவு கற்ற ஹைட் அம்மையார் மைதானத்திலும் அதனையே செய்தார். வாய்ப்புச் சிறிதெனச் சோர்வுறும் மாணவ மாணவியர், பதினைந்தே ஆட்டங்களில் நிலைத்த புகழ் எய்திய இவ்வம்மையாரை நினைப்பாராக. கிடைத்த நாளைப் பழுதின்றிப் பயன்படுத்துதலும், நம் நாள் முடிந்தபின் பிறர் நாளுக்கு வழி செய்தலும் நம் ஒவ்வொருவர்க்கும் இயல்வனவே.